மேப்ல காலியா கிடக்க இடமெல்லாம் ‘ரிசர்ச் கேப்’ இல்ல – புகார்

கஸ்டமர் சப்போர்ட்ல இருக்க சாரோ மேடமோ, வணக்கம்.

தமிழ்லயும் எழுதலாம்னு உங்க ஹெல்ப் பேஜ்ல போட்டிருந்தீங்க, அதான் எங்க ஊர்த் தமிழ்லயே எழுதுதேன். ஏற்கனவே மூணு டிக்கெட் போட்டாச்சு, மூணுக்கும் “ப்ரவுசர் கேஷ் க்ளியர் பண்ணிட்டு திரும்ப லாகின் பண்ணுங்க”ன்னு ஒரே பதில்தான். இது கேஷ் பிரச்சனை இல்ல, ஆராய்ச்சிப் பேப்பரையெல்லாம் மேப்பா வரைஞ்சு காட்டுத உங்க சாஃப்ட்வேரோட பிரச்சனை.

நான் திசையன்விளைக்காரன், பாளையங்கோட்டையில ரூம் எடுத்துத் தங்கி பிஎச்டி பண்ணுதேன். தலைப்பு பதநீர். எங்க தாத்தா பனையேறி, கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவிக் கட்டுவாரு, அது இல்லன்னா பொழுது ஏறுறதுக்குள்ள புளிச்சு கள்ளாயிரும். அந்தச் சுண்ணாம்புக்குப் பதிலா வேற என்ன செய்யலாம்ங்கதுதான் என் வேலை. ஜனவரில உங்க சாஃப்ட்வேர்ல ஒரு வருஷ ப்ளான் வாங்குனேன், 8,000 ரூபா, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 9,440, அதுவும் நாலு மாசமா ஸ்டைபண்டு வராத நேரத்துல. ஒரு பேப்பரைக் குடுத்தா அதோட சொந்தபந்தம் பூராத்தையும் புள்ளியும் கோடுமா வரைஞ்சு காட்டும்னு விளம்பரத்துல பாத்து மயங்கிட்டேன், என்னத்த சொல்ல.

மொத நாள் பனைக்கு இங்கிலீஷ் பேரான ‘பால்மைரா’ன்னு அடிச்சேன். மேப் நல்லா கலர் கலராத்தான் வந்துச்சு. பெருசா ஒரு சிவப்புக் கூட்டம், க்ளிக் பண்ணா எல்லாம் சிரியாவுல இருக்க பழைய பால்மைரா நகரம், தூணு, கல்லறை. பக்கத்துல நீலம், அது பசிபிக் கடல்ல இருக்க பால்மைரா தீவு, பவளப்பாறையும் 2011ல அங்க எலிய ஒழிச்ச கதையும். எங்க பனை எங்கடான்னு தேடுனா ஓரத்துல பச்சையா ஏழெட்டுப் புள்ளி, அதுலயும் பாதி பாமாயில் மரம். சரி, தேடுத வார்த்தை என் தப்புன்னே வச்சிக்கிடுவோம், அதோட பொராசஸ் ஃபிளாபெல்லிஃபர்னு தாவரவியல் பேரையும் சேத்துப் போட்டதும் சிரியா போயிட்டு. ஆனா யாழ்ப்பாணத்துக்காரங்க இங்கிலீஷ்ல பால்மைராவுக்குக் கடைசில ஒரு ஹெச் சேத்து எழுதுவாங்க, கைதடியில பனைக்குன்னே ஆராய்ச்சி நிலையம் வச்சிருக்கவங்க அவங்க, அந்த ஒரு எழுத்து கூடுனதால அவங்க பேப்பர்ல ஒண்ணு கூட என் மேப்ல இல்ல. லைடன் யுனிவர்சிட்டிக்காரங்க வாஸ்வியூவர்னு இதே மாதிரி மேப் வரையுத சாஃப்ட்வேர் ஒண்ணு ஃப்ரீயா குடுக்காங்க, அதுல இந்த ரெண்டு ஸ்பெல்லிங்கும் ஒண்ணுதான்னு நாமளே ஒரு சின்ன ஃபைல்ல எழுதிக் குடுத்துரலாம். காசு வாங்குத உங்ககிட்ட அது கிடையாது.

அடுத்து எஸ். முருகன். எங்க பக்கம் பஸ்ல ஏறி “முருகா”ன்னு கூப்பிட்டா அஞ்சு பேரு திரும்புவான், உங்க மேப்ல எல்லாரும் ஒரே ஆளு. பனங்கிழங்கு, சிமெண்டு, இதய வால்வு, கடல் அட்டை எல்லாத்தையும் ஆராய்ச்சி பண்ணுன ஒரே மகான், புள்ளி இட்லிச் சட்டி அளவுக்கு இருக்கு. இனிஷியல்ங்கது எங்களுக்கு அப்பா பேரோட மொத எழுத்து, குடும்பப் பேரு இல்ல சார். ஆனா என் கைடு இனிஷியலை ஒரு தடவ முன்னாடியும் ஒரு தடவ பின்னாடியும் ஒரு தடவ விரிச்சும் எழுதிட்டாவ, அவரு மட்டும் மூணு புள்ளியா சிதறிக் கிடக்காரு. மெர்ஜ் பண்ணுத பட்டன் வேணும்னா டீம் ப்ளான் வாங்கணுமாம்.

இதெல்லாம் கூட சவத்த விடுன்னு விட்டிருப்பேன். போன மாசம் டிசி மீட்டிங்ல, அதான் என் பிஎச்டியைப் பரிசீலிக்குத கமிட்டி முன்னால, நடந்ததுதான் விஷயம். பதநீர் கூட்டத்துக்கும் கருப்பட்டிக் கூட்டத்துக்கும் நடுவுல காலியா ஒரு இடம், அதுல உங்க சாஃப்ட்வேரே மஞ்சக் கலர்ல வட்டம் போட்டு ‘ரிசர்ச் கேப்’னு, அதாவது இன்னும் யாரும் ஆராயாத இடம்னு, எழுதிக் காட்டுச்சு. நான் அதை நம்பி “சுண்ணாம்புக்கு மாற்று பத்தி இந்தப் பகுதியில இதுவரை ஆய்வே நடக்கல”ன்னு சாப்டர்ல எழுதி, அந்த மேப்பையும் ஸ்லைடுல போட்டேன். கமிட்டில வெளியில இருந்து வந்த ஐயா ஒண்ணும் பேசல, ஒரு மஞ்சப் பையிலருந்து பைண்டு பண்ணுன தீசிஸ் ரெண்டை எடுத்து மேசை மேல வச்சாவ. அட்டை ஓரமெல்லாம் கரையான் அரிச்சுக் கிடந்துச்சு. உள்ள திறந்தா நான் செய்யப் போறேன்னு சொன்ன டெஸ்டுல பாதி ஏற்கனவே செஞ்சு முடிச்சு டேபிள் போட்டிருக்கு. “லைப்ரரி பக்கம் போனதே இல்லயாடே”ன்னு மட்டும் கேட்டாவ. என் கைடு முகத்த நான் இன்னும் நிமிந்து பாக்கல.

உங்க மேப் எப்படி வேலை செய்யுதுன்னு அதுக்கப்புறம்தான் உக்காந்து படிச்சேன். ரெண்டு பேப்பர் ஒரே பழைய பேப்பரை மேற்கோள் காட்டுனா சொந்தம்ங்கது 1963ல கெஸ்லர் சொன்ன கணக்கு, ரெண்டையும் மூணாவது ஆளு சேத்து மேற்கோள் காட்டுனா சொந்தம்ங்கது 1973ல ஸ்மால் சொன்னது. ரெண்டுக்குமே ரெஃபரன்ஸ் லிஸ்ட் கம்ப்யூட்டர்ல ஏறியிருக்கணும். டிஓஐங்கத இணைய அடையாள நம்பர் இல்லாத பழைய ஜர்னலு, தமிழ்ல வந்த கட்டுரை, அலமாரில கிடக்க தீசிஸ் இதெல்லாம் அதுல ஏறவே இல்ல, அப்போ அந்தக் காலி இடம் உங்ககிட்ட டேட்டா இல்லாத இடம். “எங்களுக்குத் தெரியல”ன்னு எழுத வேண்டிய இடத்துல “யாரும் செய்யல”ன்னு எழுதிருக்கீங்க.

அந்த மஞ்ச வட்டத்தை எடுங்க, இல்லன்னா ‘எங்க டேட்டாவுல இல்லை’ன்னாவது மாத்துங்க. முருகன்களைப் பிரிக்கவும் என் கைடைச் சேக்கவும் எல்லா ப்ளான்லயும் வழி குடுங்க. மீதி மாசத்துக்கான காசைத் திருப்பி அனுப்புங்க, பில் காப்பியும் ஸ்க்ரீன்ஷாட்டும் இதோட வச்சிருக்கேன். 15 நாள்ல பதில் இல்லன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போடுவேன்.

அப்புறம் அந்த ஆட்டோ ரெனியூவலை நிறுத்துத பட்டன் எங்கன இருக்குன்னு சொல்லுங்க, ரெண்டு நாளா தேடுதேன்.

இப்படிக்கு,
உங்க ஸ்டூடண்ட் ப்ளான் கஸ்டமர்,
பாளையங்கோட்டை