ஐந்து ஷில்லிங் வீடு

அன்பு மகள் அம்முவுக்கு,

காசு கட்டி நீ வாங்கிய வம்ச வரைபடத்தை இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். அயர்லாந்துக்காரரான அப்பா போன பிறகு அவருடைய சல்லிவன் வம்சத்தைப் பற்றிக் கேட்க உனக்கு ஆள் இல்லை, அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அதில் இருப்பவர்கள் நம் ஆட்கள் இல்லை, அம்மு. நம் ஆட்களை நான் கண்டுபிடித்துவிட்டேன்.

நீ பெயரைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறாய். அயர்லாந்தின் பியாரா தீபகற்பத்தில் சல்லிவன் என்ற பெயரை வைத்து ஒருவரையும் கண்டுபிடிக்க முடியாது. தடுக்கி விழுந்தால் ஒரு சல்லிவன். அதனால்தான் அங்கே ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. பிடிக்க வேண்டியது இடத்தை. இடம் என்றால் பெரிய ஊர் இல்லை, டவுன்லேண்ட். நாலு வயலும் ஒரு பாறை மேடும் இருந்தால்கூட அதற்குத் தனிப் பெயர். அயர்லாந்து முழுக்க இப்படி 60,000-க்கும் மேல் இருக்கின்றன.

1922 ஜூன் 30-இல், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்குகள் பெரும்பாலும் அதோடு போயின, 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசாங்கமே அதற்கு முன்னால் அழித்துவிட்டது. முழுதாகக் கிடைக்கிற மிகப் பழைய கணக்கு 1901, அதற்கு அடுத்தது 1911. நான் அங்கிருந்துதான் தொடங்கினேன். உன் எள்ளுத்தாத்தா ஜேம்ஸுக்கு 1901-இல் வயது 56. 1911-இல் 71! இதைப் பார்த்துத்தான் நீ இவரை வேறு ஆள் என்று ஒதுக்கிவிட்டாய். இடையில் 1909-இல் முதியோர் பென்ஷன் வந்தது. எழுபது வயது ஆனவர்களுக்கு வாரத்துக்கு ஐந்து ஷில்லிங் வரை. பிறப்பு எல்லோருக்கும் பதிவானதே 1864-இலிருந்துதான். அதற்கு முன்னால் பிறந்தவர்களில் பலருக்குத் தங்கள் வயது சரியாகத் தெரியாது. பாறையில் உருளைக்கிழங்கு போட்டுப் பிழைத்தவர் அந்தப் பணத்துக்காக வயதைக் கூட்டிச் சொல்லியிருந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

கத்தோலிக்கப் பங்குகளின், அதாவது கோயில் வட்டாரங்களின், பதிவேடுகள் டப்ளினில் இல்லாமல் அந்தந்தக் கோயில்களிலேயே இருந்ததால் தப்பின. தேசிய நூலகம் அவற்றைப் படமெடுத்து 2015-இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட வேண்டும். மை மங்கல், எழுத்து கிறுக்கல், பாதி லத்தீன். மூன்று வாரம் ஆயிற்று. 1843-இல் ஞானஸ்நானப் பதிவில் ஒரு வரி: யாகோபுஸ். லத்தீனில் ஜேம்ஸ் அப்படித்தான் எழுதப்படும். பக்கத்திலேயே டவுன்லேண்டின் பெயர், அப்பா தாத்தாவிடம் கேட்டதாகச் சொல்வாரே, அதே பெயர். அம்மாவின் பெயர் அவள் பிறந்த வீட்டுப் பெயரோடு: ஹாரிங்டன். ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்று நின்ற ஞானத்தகப்பன் ஒரு சல்லிவன், அவருடைய பட்டப்பெயரையும் பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பாதிரியாருக்கு நான் நன்றி சொல்கிறேன்.

இனி நிலம். உன் தஞ்சாவூர் தாத்தா கர்ணமாக இருந்தவர், அடங்கலைப் பார்த்து வளர்ந்தவள் நான். கிரிஃபித் மதிப்பீடு என்பதைத் திறந்தவுடன் அதுதான் நினைவுக்கு வந்தது. ரிச்சர்ட் கிரிஃபித் என்பவர் மேற்பார்வையில் 1847 முதல் 1864 வரை அச்சான புத்தகங்கள். நிலத்துக்கும் வீட்டுக்கும் வரி போடுவதற்காக எடுத்த கணக்கு. யார் கையில் இருக்கிறது, யாரிடமிருந்து குத்தகை, எத்தனை ஏக்கர், என்ன மதிப்பு, எல்லாம் ஒரே வரியில் இருக்கும். அதற்கும் முன்னால் 1820-களிலும் 30-களிலும் எடுத்த தசமபாகக் கணக்கில் (திருச்சபைக்குக் கட்ட வேண்டிய வரிக்காக எடுத்தது), அதே டவுன்லேண்டில், ஒரு சல்லிவன் பங்காளிகளோடு சேர்ந்து நிலம் வைத்திருக்கிறார். கிரிஃபித்தில் ஜேம்ஸின் அப்பா பெயர் இல்லை. நீ அங்கேதான் நின்றுவிட்டாய்.

நான் ஹாரிங்டன் என்று தேடினேன். அந்தப் பக்கத்துப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே அறியப்பட்டார்கள். இருந்தாள், அம்மு! அவள் பெயர், நிலம் இல்லை, வீடு மட்டும், மதிப்பு ஐந்து ஷில்லிங். வீடு கொடுத்தவர் என்ற இடத்தில் ஜமீன்தார் இல்லை. அதே பட்டப்பெயரோடு ஞானத்தகப்பன்.

நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நடுவில் பஞ்சம் வந்து போயிருக்கிறது. பத்து லட்சம் பேர் செத்துப்போன பஞ்சம். 1847-இல் ஒரு சட்டம் போட்டார்கள்: கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் கிடையாது. கஞ்சிக்காக நிலத்தை விட்டுக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். நம் குடும்பத்து நிலமும் அப்படித்தான் போயிருக்கும் என்று நான் நினைக்கிறேன். நிலமில்லாத, புருஷன் பெயர் எங்குமே காணாத ஒரு பெண்ணையும் பிள்ளையையும், அன்றைக்கு ஞானஸ்நானத் தொட்டியண்டை நின்ற மனிதர் தன் வயலோரத்தில் குடிவைத்திருக்கிறார். எந்தக் குடும்பக் கதையிலும் அவரை யாரும் சொன்னதில்லை. உன் வரைபடத்தில் அவருக்கு இடம் இருக்காது, ரத்த சம்பந்தம் இல்லையே. நீ எனக்காக ஒரு ஓரத்தில் அவர் பெயரை எழுதி வை.

அப்புறம் மதிப்பீட்டுத் திருத்தப் புத்தகங்கள். ஆள் மாறும்போதெல்லாம் பழைய பெயரை அடித்துப் புதியதை எழுதுவார்கள், ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு நிற மை. அவள் பெயரைச் சிவப்பு மையில் அடித்திருக்கிறார்கள், 1871. புதிதாக யார் பெயரும் இல்லை. 'வீடு விழுந்துவிட்டது' என்று மட்டும்.

போன வியாழக்கிழமை பழைய வரைபடத்தின் நகலோடு பஸ் ஏறிப் போனேன். முட்டி வலிதான், இருந்தாலும் நடந்தேன். ஃபியூஷியா வேலிக்குப் பின்னால் ஒரு மூலைச் சுவர் என் இடுப்பு உயரத்துக்கு இன்னும் நிற்கிறது. அடுப்புக் கல் இருக்குமோ என்று புல்லை விலக்கிப் பார்த்தேன், மழை பிடித்துக்கொண்டது.

கிறிஸ்துமஸுக்கு நீ வரும்போது போகலாம். மெல்போர்ன் செருப்பு இந்தச் சேற்றுக்கு ஆகாது, அப்பாவின் ரப்பர் பூட்ஸ் உனக்குச் சரியாக இருக்கும். எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா