ஒளியை முந்த முடியுமா, மல்லிகா?

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதங்களுக்குப் பதில் போடவில்லை என்று நீ திட்டியதெல்லாம் நியாயம்தான். நான் நலம். முட்டிவலி தேவலை. வனஜா அக்கா அதே வனஜா அக்காதான், வேறென்ன சொல்ல.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிருபா போனில், "ஒளியைவிட வேகமா போகவே முடியாதா பெரியம்மா?" என்று கேட்டான். முடியாது என்றேன். "இப்போதைக்கா, எப்பவுமேவா?" என்றான். அந்தக் காலத்தில் கேள்வி கேட்டே சாரை மடக்கிய உன் பிள்ளை வேறு எப்படி இருப்பான்! அந்த "எப்பவுமேவா"தான் என்னை உட்கார்ந்து எழுத வைக்கிறது.

எஞ்சினில் பலம் போதவில்லை, அவ்வளவுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. செர்ன் என்ற ஐரோப்பிய ஆய்வகத்தில் துகள்களை முடுக்கும் பெரிய வளையத்துக்குள் புரோட்டான்கள் நுழையும்போதே ஒளியின் வேகத்தை நெருங்கியிருக்கும். நொடிக்கு 650 மீட்டர்தான் குறைவு. உள்ளே அவற்றின் ஆற்றலை 14 மடங்குக்கு மேல் ஏற்றுகிறார்கள். அதற்கப்புறமும் நொடிக்கு 3 மீட்டர் பாக்கி நிற்கிறது! நீயும் நானும் அந்தக் காலத்தில் பஸ்ஸைப் பிடிக்க ஓடிய வேகம்கூட இல்லை. இன்னும் எவ்வளவு கொட்டினாலும் அந்த மிச்சம் சுருங்குமே தவிரத் தீராது.

2011-இல் நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியை முந்திவிட்டன என்று செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? 730 கிலோமீட்டரை 60 நானோநொடி முன்னதாகக் கடந்தன என்றார்கள். "ஐன்ஸ்டீன் அவுட்" என்று நடுராத்திரியில் என்னை எழுப்பினாய். கடைசியில் பார்த்தால் ஒரு ஒளியிழைக் கேபிள் சரியாகப் பொருந்தவில்லை.

இயற்பியலாளர் அல்குபியேரைப் பற்றி நீ எழுதிய சமாச்சாரத்தைப் படித்தேன். 1994-இல் அவர் சொன்னது அழகான யோசனை. கப்பல் ஓட வேண்டாம். முன்னால் உள்ள வெளி சுருங்கும், பின்னால் உள்ளது விரியும். ஐன்ஸ்டீனின் சமன்பாடு இதைத் தடுக்கவில்லை. ஆனால் அதற்கு எதிர்மறை ஆற்றல், அதாவது பூஜ்யத்துக்கும் கீழான ஆற்றல் வேண்டும், அதுவும் மலைக்க வைக்கும் அளவில். அந்த அளவில் அது எங்கேயும் கிடைப்பதாகத் தெரியவில்லை. இதைக்கூட என்றாவது தாண்டலாம் என்று வைத்துக்கொள். ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கை சரியென்றால், ஒளியை முந்தும் தகவலை நேற்றைக்கே அனுப்பவும் வழி பிறந்துவிடும். நான் இந்தக் கடிதத்தை எழுதும் முன்பே உன் பதில் என் கைக்கு வரும். பதிலைப் படித்துவிட்டு நான் எழுதாமலே விட்டால்? இதற்கு விடை சொல்லாமல் கப்பல் கட்டிப் பயனில்லை. அதனால்தான் கிருபாவிடம் அழுத்தமாக முடியாது என்றேன். இன்றும் அதையே சொல்வேன்.

ஆனால் அவனிடம் சொல்ல இன்னொரு பாதி இருக்கிறது. உன் உள்ளங்கையை நீட்டிப் பார். நொடிக்கு ஒன்று வீதம் மியூவான் என்ற நுண்துகள்கள் அதைத் துளைத்துக்கொண்டு போகின்றன. அவை சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறப்பவை. சராசரி ஆயுள் 2.2 மைக்ரோநொடி, ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் கடக்க முடியும். ஆனாலும் தரைக்கு வந்துவிடுகின்றன. அவ்வளவு வேகமாகப் போவதால், நம் கணக்கில் அவற்றின் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது. மனிதருக்கும் இதே விதிதான். பூமி ஈர்ப்பின் அளவுக்கு விடாமல் முடுக்கி, பாதிவழியில் அதே அளவுக்கு வேகத்தைக் குறைத்துக்கொண்டு போகும் ஒரு கப்பல் இருந்தால், 26,000 ஒளியாண்டு தள்ளியிருக்கும் நம் பால்வெளியின் மையத்தை உள்ளே இருப்பவர் சுமார் 20 வயது கூடுவதற்குள் தொட்டுவிடுவார். எரிபொருளுக்கு எங்கே போவது என்பது பெரிய தலைவலி, ஆனால் இயற்கை குறுக்கே நிற்கவில்லை.

அப்படியானால் இந்த வேக வரம்பு யாரைத் தடுக்கிறது? போகிறவரை அல்ல, மல்லிகா, வழியனுப்பிவிட்டுக் காத்திருப்பவரை. போனவர் திரும்பி வரும்போது இங்கே 52,000 ஆண்டு போயிருக்கும். அவ்வளவு தூரம்கூட வேண்டாம். சூரியனை விட்டால் மிக அருகில் இருக்கும் நட்சத்திரமான புராக்சிமா செண்டாரி பக்கம் ஒருத்தி குடியேறி, "நலமா?" என்று கேட்டால், பதில் போய்ச் சேர எட்டரை ஆண்டு ஆகும். கேட்டபோது கைக்குழந்தையாக இருந்த அவள் பிள்ளை அதற்குள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும்.

மனிதர்கள் நட்சத்திரங்களுக்குப் பரவுவார்கள் என்று நான் நம்புகிறேன். ஆனால் ஒரே அரசு, ஒரே செய்தி, ஒரே பேச்சு என்று எல்லோரையும் கட்டி வைக்க முடியாது. ஒவ்வொரு கூட்டமும் தன் காலத்தில் தனியாக வளரும். மொழி மாறும், ஒருவேளை உடம்பே மாறும். அவர்கள் நம்மவர்கள்தான் என்று சொல்ல அப்போது என்ன மிச்சம் இருக்கும்? எரிபொருளைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை.

கிருபாவுக்கு இதைப் படித்துக் காட்டு. மியூவான் கணக்கை அவனே போட்டுப் பார்க்கட்டும். அப்புறம் ஒன்று, நீ மட்டும் பதில் சொல்: இப்படி ஒரு கப்பலில் ஏற அவன் ஒருநாள் உன்னிடம் அனுமதி கேட்டால் என்ன சொல்வாய்? போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது என்றுதான் தோன்றுகிறது.

அன்புடன்,
ஜெயந்தி