இந்தத் தடவை நான் எறங்கிக்கிறேன் மாப்ள

மாப்ள சேவியரு,

எப்படி இருக்க, தூத்துக்குடி மக வீட்ல சௌக்கியமா, சுகர் எவ்வளவு இருக்கு, கண்ணு ஆபரேஷன்னு சொன்னியே முடிஞ்சிருச்சா? போன்ல பேசுனா பாதியிலயே "சரி வச்சிர்றேன்"னு வச்சிருவ, அதான் பேத்திய பக்கத்துல உக்கார வச்சு எழுத்து எங்க இருக்குன்னு கேட்டுக் கேட்டு நானே டைப் பண்றேன். நீளமாத்தான் இருக்கும், மெதுவா படி.

இங்க தங்கச்சிமடத்துல எல்லாரும் நல்லா இருக்கோம். டிட்வா புயலப்ப தெருவெல்லாம் தண்ணி, கடலுக்கும் யாரும் போகல, மத்தபடி ஒண்ணுமில்ல. புதுப் பாம்பன் பாலத்துல ரயிலு போறத பாக்க சின்னவன் தெனம் கூட்டிட்டுப் போகச் சொல்லி அழுவுறான்.

விஷயத்துக்கு வர்றேன். பங்குனி பொறந்ததும் இலங்கைக்குப் போறேன். தனியா. கப்பல்ல போய் எறங்கி, அங்க பஸ்ஸு ரயிலு எது கெடைக்குதோ அதுல ஏறி, மூணு வாரமாவது சுத்திட்டு வரணும். பாஸ்போர்ட் வந்துருச்சு, இடிஏன்னு இலங்கை போறதுக்கான அனுமதி, அத ஆன்லைன்ல பெரியவன் போட்டுத் தர்றேன்னுட்டான். ஆனா அவனுக்கு மனசே இல்ல, "எதுக்குப்பா இந்த வயசுல பஸ்ல கெடந்து அல்லாடுறீங்க, மதுரைல ஏறினா ஒரு மணி நேரத்துல கொழும்பு, அஞ்சு நாள் பேக்கேஜ் போட்டுத் தர்றேன், ஏசி வேன், கைடு எல்லாம் வந்துரும்"ங்கிறான். நல்ல புள்ள, பாசத்துலதான் சொல்றான். அவனுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைக்கிறதுன்னு தெரியல, உனக்குச் சொன்னா புரியும்.

31 வருஷம் மாப்ள, பஸ்ல நீ டிரைவரு, நான் கண்டக்டரு. ராமேஸ்வரம் மதுரை, மதுரை ராமேஸ்வரம். எத்தனை லட்சம் பேர "எறங்கு எறங்கு, பாத்து எறங்கு"ன்னு எறக்கி விட்டுருப்போம், நாம எறங்குனமா? மானாமதுரைல ரோட்டோரம் பானை அடுக்கி வச்சிருக்கிறத தெனம் பாப்பேன், கடம் எப்படித்தான் செய்யுறாங்கன்னு ஒரு நாளு எறங்கிப் பாக்கணும்னு நினைப்பேன், அதுக்குள்ள நீ "டைம் ஆச்சு, விசில் குடு"ம்ப. போன மாசம் எறங்கிட்டேன். வேற ஜோலி எதுவும் இல்ல, அதுக்குன்னே போனேன். ஒரு பெரியவர் பானைக்குள்ள ஒரு கையால கல்ல வச்சுத் தாங்கிக்கிட்டு வெளிய மரப்பலகையால தட்டிக்கிட்டே இருக்காரு, ஒரு தட்டு, ஒரு திருப்பு, ஒரு தட்டு, ஒரு திருப்பு. மொதல்ல சத்தம் சொத்துன்னு இருக்கு, போகப்போக மாறுது, அந்த மாறுன சத்தத்தக் கேக்கத்தான் அவரு அவ்வளவு நேரம் தட்டுறாருன்னு எனக்குப் புரியவே முக்கா மணி நேரம் ஆச்சு. அந்நேரத்துக்கு மூணு மதுரை வண்டி என்னத் தாண்டிப் போச்சு, ஒரு விசிலும் என்னக் கூப்பிடல. அன்னைக்கு முடிவு பண்ணேன், இனிமே ஊரு பாக்குறதுன்னா இப்படித்தான்.

அதுக்கு ஒத்திகையா நாகப்பட்டினம் வரைக்கும் போயிட்டு வந்தேன், கப்பலு அங்க இருந்துதானே காங்கேசன்துறைக்குப் போகுது. 2023 அக்டோபர்ல விட்டாங்க, நடுவுல நின்னு போய் 2024 ஆகஸ்ட்ல மறுபடி ஆரம்பிச்சாங்க, நாலு மணி நேரம்தான் கடல் பயணம், மழைக்காலத்துல நிறுத்திருவாங்க. நேரா போற வண்டில ஏறாம கிழக்குக் கடற்கரை ரோட்லயே துண்டு துண்டா மாறிப் போனேன். தேவிபட்டினம், தொண்டி, மீமிசல், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைன்னு ரெண்டு நாளு ஆச்சு, தொண்டியில ராத்தங்கல். திருப்பாலைக்குடில நாலு பொம்பளைங்க கருவாட்டுக் கூடையோட ஏறுனாங்க, கண்டக்டர் சின்னப்பய லக்கேஜ் டிக்கெட் கேட்டதும் அதுல ஒரு ஆத்தா "கூடைக்கும் எனக்கும் சேத்து ஒரே சீட்டுதானப்பா குடுத்திருக்க, கூடைய மடியிலதான வச்சிருக்கேன்"னு சண்ட, எனக்குக் கை பரபரங்குது பைய வாங்கிக்கலாமான்னு. ரெண்டு விஷயம் கத்துக்கிட்டேன் அதுல. ஒண்ணு, பெரிய பை தூக்கிட்டு அஞ்சு பஸ்ஸு மாற முடியாது, தோள்பட்டை விட்டுப் போச்சு. இன்னொண்ணு, ஒரு நாளைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல பஸ்ல உக்காந்தா இந்த முட்டி மறுநாள் எந்திரிக்க விடாது. அதனால இலங்கைல ஒரு நாள் பயணம், ரெண்டு நாள் தங்கல்னு வச்சிருக்கேன், இதுதான் என்னோட டைம்டேபிள்.

பிளான் இதான். காங்கேசன்துறைல எறங்கி யாழ்ப்பாணம், அங்க நாலஞ்சு நாள். பஸ்ல குறிகட்டுவான் துறைக்குப் போனா அங்க இருந்து போட்ல நயினாதீவு அம்மன் கோயில். நெடுந்தீவும் போகணும். ஞாபகம் இருக்கா, கச்சத்தீவு அந்தோணியார் திருவிழால நம்ம பக்கத்துல உக்காந்திருந்த அந்த நெடுந்தீவு பெரியம்மா? நம்ம சோப்பையும் தேங்காயெண்ணெயையும் வாங்கிட்டு நமக்குப் பனங்கட்டி குடுத்துச்சே, திருப்பலி முடிஞ்சதும் "வெளிக்கிடுவம்"னு சொல்லி எந்திரிச்சுச்சே, நீ கூட அந்த வார்த்தைய ஊர் வர்ற வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்த. ஒரு ராத்திரி ஒரே மணல்ல படுத்திருந்தோம், காலையில ஆளுக்கொரு பக்கம் படகேறிட்டோம். அவங்க ஊரு எப்படி இருக்கும்னு அன்னைலேர்ந்து எனக்கு ஆசை. நம்ம ஊர்ல அங்கிட்டுன்னாலே படகு புடிபட்டுச்சு, ஆளு புடிபட்டாங்கங்கிற பேச்சுதான், அதனாலதான் வீட்லயும் பயப்படுறா. ஆனா டிக்கெட் எடுத்து, முத்திரை குத்தி, வாசல் வழியா ஒரு தடவ போய் அந்த சனத்தோட உக்காந்து சாப்பிட்டு வரணும் மாப்ள.

யாழ்ப்பாணத்துல இருந்து மன்னாருக்கு சங்குப்பிட்டி பாலம், பூநகரி வழியா பஸ் இருக்கு. மன்னார்ல நம்ம ராமநாதபுரத்துல நிக்கிற அதே பொந்தம்புளி மரம் இருக்காம், அங்க பெருக்குமரம்கிறாங்க. திருக்கேதீஸ்வரம் பாத்துட்டு, அப்புறம் தலைமன்னார். அங்க மட்டும் மூணு நாள் வச்சிருக்கேன், பெரியவன் கேட்டான், "அங்க என்னப்பா இருக்கு, பழைய துறையும் லைட் ஹவுஸும்தானே"ன்னு. எங்கப்பா தனுஷ்கோடி துறைமுகத்துல கருவாட்டு மூட்டை தூக்குனவரு, உனக்குத் தெரியும். இர்வின், கோஷன்னு தலைமன்னாருக்கு ஓடுன ரெண்டு கப்பல் பேரையும் வீட்டு மாட்டுப் பேரு சொல்ற மாதிரி சொல்லுவாரு. அப்பல்லாம் எழும்பூர்ல ஒரே டிக்கெட் எடுத்தா ரயிலு, கப்பலு, மறுபடி ரயிலுன்னு கொழும்பு வரைக்கும் போயிரலாமாம். 1964 டிசம்பர் புயலோட தனுஷ்கோடி போச்சு, எனக்கு அப்ப ரெண்டு வயசு. அப்பா ஆயிரக்கணக்கான மூட்டைய அந்தக் கப்பல்ல ஏத்திருக்காரு, அந்தப் பக்கத்துத் துறைய ஒரு நாளும் பாத்ததில்ல. அரிச்சல்முனைல நின்னா போனுக்கு இலங்கை சிக்னல் வருது, 30 கிலோமீட்டர்தான், ஆனா நான் நாகப்பட்டினம் சுத்தி, யாழ்ப்பாணம் சுத்தித்தான் அங்க போய்ச் சேரணும். பரவால்ல. அப்பா ஏத்துன மூட்டை எறங்குன எடத்துல நான் எறங்குறேன்.

அங்க இருந்து ரயிலு ஓடுச்சுன்னா மதவாச்சி, அனுராதபுரம், இல்லேன்னா பஸ்ஸு. மலையில அட்டன் பக்கம் எங்க பெரியம்மா வழி சனம் இருக்கு, மண்டபம் கேம்ப் வழியா தேயிலைக்குப் போனவங்க. கொழும்புல இருந்து பதுளை 290 கிலோமீட்டருக்கு ரயிலு பத்து மணி நேரம் ஓடும், அவ்வளவு மெதுவா போற வண்டியில ஏறணும்னு ரொம்ப ஆசைப்பட்டேன், ஆனா டிட்வால மண்ணு சரிஞ்சு அந்த லைனு பலமா அடி வாங்கிருச்சு. எந்தத் துண்டு ஓடுதோ அதுல போவேன், மிச்சத்துக்கு பஸ்ஸு.

பஸ்ஸுன்னதும் உனக்கு ஒண்ணு சொல்லணும். அங்க அரசாங்க பஸ்ஸு சிவப்புக் கலரு, நிறைய வண்டி நம்ம லேலண்டுதான்! நீ ஓட்டுன அதே சத்தம் கேக்கும்னு நினைச்சுக்கிட்டே இருக்கேன். முன்சீட்டு சாமியாருங்களுக்குன்னு ஒதுக்கியிருப்பாங்களாம். நம்ம ஒரு ரூபாக்கு அங்க மூணு ரூபாக்கு மேல வருது, டிக்கெட் காசு பெருசா ஆகாது, தங்குறதுக்குத்தான் செலவு. வவுனியா தாண்டுனா சிங்களம், அதனால பேத்தி போன்ல போட்டுக் காட்டி ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் மனப்பாடம் பண்றேன், எக்க, தெக்க, துன, ஹதர. முதமுதல்ல கத்துக்கிட்ட வார்த்தை என்ன தெரியுமா, "பஹினவா". எறங்குறேன்னு அர்த்தம்.

ரெண்டு உதவி வேணும். கண்டக்டர் பை மாதிரி தோள்ல குறுக்க போடுற அந்தச் சின்ன காக்கிப் பை உங்கிட்ட இருந்துச்சே, பாஸ்போர்ட்டும் பணமும் வைக்க அதுதான் தோது, யாராவது இங்கிட்டு வந்தா குடுத்து விடு. அப்புறம் உன் மருமகன் கொழும்புல ஆறு மாசம் வேலை பாத்தாப்லயே, கண்டியில பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல தங்க எடம் கெடைக்குமான்னு கேட்டு சொல்லு.

வீட்ல உன்ன விசாரிச்சா, கணவாய் கருவாடு எடுத்து வச்சிருக்காளாம். தலைமன்னார் போய்ச் சேர்ந்த அன்னைக்கு அந்தத் துறையில நின்னு உனக்குத்தான் மொதல்ல போன் பண்ணுவேன். பாதியில வச்சிராத.

உன்
முருகேசன்