பிளேட் நடு மேட்டில் ஓடட்டும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ஹட்டனில் நாலு நாளாக அடைமழை. அம்மா நனைந்துகொண்டுதான் கொழுந்துக்குப் போய் வருகிறாள்.

உன் பட்டை வாள் (பேண்ட் சோ) மெஷினைப் பற்றி, "பிளேட் மூன்று தரம் கழன்றிச்சு, கைடை நெருக்கி வச்சிட்டேன், இப்ப ஓடுதுப்பா" என்று நேற்று போனில் சொன்னாயே, அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கைடை நெருக்கி பிளேடை வழிக்குக் கொண்டுவரக் கூடாது புள்ள. பிளேட் வளையமாக மேல், கீழ் இரண்டு சக்கரத்தில் ஓடுகிறது, அதை ஓட்டுவது சக்கரம். மரம் தள்ளும்போது பிளேட் வளையாமல் பார்ப்பதுதான் அதன் இரு பக்கமும் நிற்கிற கைடின் வேலை.

என் இடது முழங்கைக்குக் கீழே இருக்கிற தழும்பைச் சின்னதில் தடவித் தடவிக் கேட்பாய். கவ்வாத்துக் கத்தி பட்டது என்றேன். அது பொய். மர மில்லில் இருந்தபோது பிளேட் பின்னுக்கு ஓடியது. லொறி காத்திருக்கிறது என்ற அவசரத்தில் பிளேடின் முதுகுக்குப் பின்னால் இருக்கிற பின் பெயாரிங்கை முன்னுக்குத் தள்ளி முட்டுக் கொடுத்தேன். பிளேடின் முதுகு அதில் உரசி உரசிச் சூடேறி, வெடிப்பு விட்டு, பாதி மரத்தில் அறுந்து வெளியே அடித்தது. நீ பயப்படுவாய் என்று இத்தனை வருஷம் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லவேண்டி வந்துவிட்டது.

முதலில் பிளக்கைக் கழற்று. சுவிட்சை நிறுத்தினால் போதாது. மேல் கைடு, கீழ் கைடு, பின் பெயாரிங் எல்லாவற்றையும் பிளேடைத் தொடாமல் விலக்கி வை. சக்கரத்து ரப்பரைப் பார். நீ பைனஸ் பலகைதான் அதிகம் அறுக்கிறாய். அதன் பிசினும் தூளும் சேர்ந்து ரப்பரில் கட்டியாக ஒட்டியிருக்கும், பிளேட் அதில் ஏறி ஏறித்தான் விலகும். சுரண்டித் துடைத்துவிடு. பாதிக் கோளாறு அங்கேயே தீரும்.

பிறகு பிளேடை மாட்டி, இழுவையை, அதாவது பிளேடின் இறுக்கத்தை, முழுதாகக் கொடு. இது முக்கியம். தளர்வாக இருக்கும்போது சரி பார்த்துவிட்டு அப்புறம் இறுக்கினால் பிளேட் மறுபடி இடம் மாறும். இப்போது மேல் சக்கரத்தை, மரம் அறுக்கிற பக்கத்தில் பிளேட் கீழே இறங்கும் திசையில், கையால் சுற்று. பிளேட் முன்னுக்கு வந்தால் சக்கரத்தின் மேல் விளிம்பு பின்னுக்குச் சாயும்படி அதன் சாய்வுத் திருகைத் திருகு. பின்னுக்குப் போனால் மறுபக்கம். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருகியதும் ஏழெட்டுத் தரம் சக்கரத்தைச் சுற்றிப் பார், பிளேட் உடனே நகராது, மெதுவாகத்தான் வரும். ரப்பரின் நடுவில் லேசாக ஒரு மேடு இருக்கும். உன் அரை அங்குல பிளேட் அந்த மேட்டில் நின்று ஓடவேண்டும். எங்கள் மில்லில் பல் சக்கரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு ஓடியதைப் பார்த்திருப்பாய். அது மரக்குற்றி அறுக்கிற அகலப் பிளேட், சக்கரமும் வேறு. அதைப் பார்த்துச் செய்யாதே.

பிளேட் மேட்டில் நின்றதும் அந்தச் சாய்வுத் திருகின் பூட்டு நட்டை இறுக்கு. இறுக்கும்போது கொஞ்சம் அசையும், அதனால் மறுபடி சுற்றிப் பார். கடைசியில்தான் கைடு. பக்கத்துக் கைடுகளுக்கு ஒரு தாள் தடிப்பு இடைவெளி. பற்களுக்கு இடையிலுள்ள குழிக்குப் பின்னாலேயே அவை நிற்கட்டும், முன்னால் வந்தால் பல் மழுங்கிவிடும். பின் பெயாரிங் மரம் தள்ளும்போது மட்டும்தான் சுழலவேண்டும், சும்மா ஓடும்போது தொடக்கூடாது. சக்கரத்துக் கதவை மூடி, பக்கத்தில் விலகி நின்று சுவிட்சைப் போடு.

மொரட்டுவை கடல் காற்றுக்கு பிளேட் சீக்கிரம் துருப்பிடிக்கும். இரவில் இழுவையைத் தளர்த்தி, எண்ணெய்த் துணியால் ஒரு தடவை துடைத்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது மெஷினை ஓடவிட்டு, போனைக் கொஞ்சம் தள்ளி வை. பிளேடின் இரு முனையும் சேர்கிற ஒட்டு கைடில் தட்டினால் டிக் டிக் என்று கேட்கும். நான் கேட்டுச் சொல்கிறேன். அதுவரை அந்த மெஷினில் மரம் அறுக்காதே மகள்.

அன்புடன்,
அப்பா