எப்போது வேண்டுமானாலும் என்றால் எப்போது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஏஐ வந்துவிட்டது, வேலையில் இருப்பவர்கள் ஆன்லைனில் புதிதாகக் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் இப்போது எங்கிருந்தும் எப்போது வேண்டுமானாலும் படிக்கலாமே என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. படிப்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்த 'எப்போது வேண்டுமானாலும்' என்பதில்தான் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

நான் சென்னையில் மெடிக்கல் கோடிங் பார்க்கிறவள். அமெரிக்க டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கு ஒரு கோடு (அதாவது குறியீடு), சிகிச்சைக்கு ஒரு கோடு போட்டு அனுப்பினால்தான் அங்கே இன்சூரன்ஸ் பணம் நகரும். எக்ஸ்ரே, ஸ்கேன் ரிப்போர்ட்டுகளுக்கு இப்போது மென்பொருளே கோடு போட்டுவிடுகிறது, அது போட்டது சரியா என்று பார்ப்பதுதான் என் வேலை. கேட்கச் சுலபமாக இருக்கும். நிமோனியாவாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள் என்று இருந்தால் அது நிமோனியா என்றே போட்டுவிடும்; புறநோயாளியின் குறிப்பில் சந்தேகத்தை நோயாகப் போடக் கூடாது என்பது விதி. அம்மாவுக்குச் சர்க்கரை என்று எழுதியிருந்தால் மகளுக்கும் சர்க்கரை வந்துவிடும். நாமே கோடு போடும்போது கண் ஒரு மாதிரி ஓடும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரிகிற சார்ட்டில் (ஒரு நோயாளியின் குறிப்பை அப்படித்தான் சொல்வோம்) தப்பைத் தேடும்போது அதே கண் வேறு மாதிரி ஓட வேண்டும், இதை யாராவது உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தால் தேவலை.

கம்பெனியிலிருந்து கிடைத்தது என்ன? ஒரு லாகின், ஆறு கோர்ஸ், மாதக் கடைசிக்குள் முடித்தாக வேண்டும். முதல் கோர்ஸ் 'ஏஐ என்றால் என்ன'. அடுப்பு மேடையில் போனைச் சாய்த்து வைத்து, சத்தத்தைக் குறைத்து, வீடியோ தானாக ஓட நான் சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்ல விரும்பவில்லை, ஆறு சான்றிதழும் வந்துவிட்டன.

2015 அக்டோபர் 1 நினைவுக்கு வருகிறது. அன்றுதான் அமெரிக்கா ஐசிடி-9 என்ற பழைய நோய்க் கோடு பட்டியலை விட்டு ஐசிடி-10 என்ற புதிய பட்டியலுக்கு மாறியது. நோய்க் கோடுகள் ஏறத்தாழ 14,000 இருந்தது 68,000க்கு மேல் போனது. அப்போது நான் இருந்த கம்பெனியில் மாதக்கணக்கில் ஷிஃப்ட் நேரத்திலேயே வகுப்பு எடுத்தார்கள், அந்த நாட்களில் டார்கெட்டை, அதாவது ஒரு நாளில் முடிக்க வேண்டிய சார்ட் கணக்கை, குறைத்தார்கள். ஏன் என்றால் தேதி குறித்திருந்தது, தெரியாமல் போனால் நஷ்டம் கம்பெனிக்கு. ஏஐக்கு அப்படி ஒரு தேதி இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது, அதனால் கற்றுக்கொள்ளும் செலவும் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் தூக்கத்தில் கழிகிறது.

சரி, நாமே நல்லதாகப் படிப்போம் என்று ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் என்ற ஆன்லைன் படிப்புத் திட்டத்தில் எட்டு வாரக் கோர்ஸ் ஒன்றில் சேர்ந்தேன். குறை சொல்ல மாட்டேன், ஐஐடி பேராசிரியர் நடத்துகிற பாடத்தை இலவசமாகக் கேட்க முடிவது பெரிய விஷயம். தேர்வெழுத மட்டும்தான் கட்டணம். ஆனால் வாராவாரம் அசைன்மென்ட் உண்டு, கெடு புதன் இரவு 11.59. அந்த நேரத்தில் நான் ஷிஃப்டில் இருப்பேன், நோயாளிகளின் தகவலைக் கையாளுகிற அலுவலகம் என்பதால் போன் லாக்கரில் இருக்கும், கணினியில் வெளி இணையதளம் எதுவும் திறக்காது. எங்கிருந்தும் படிக்கலாம் என்கிறார்களே, அந்த 'எங்கிருந்தும்'இல் நான் ஒரு நாளில் ஒன்பது மணி நேரம் இருக்கிற இடம் சேராது. மதிப்பெண்ணில் 75 சதவீதம் மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு. எனக்கு வந்தது சனிக்கிழமை காலை ஒன்பது மணி, வெள்ளி இரவு ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகப் போய் எழுதினேன். பாஸ்தான், ஆனால் என்ன எழுதினேன் என்று கேட்காதீர்கள்.

சிங்கப்பூரில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குப் படிப்புக் கட்டணத்துக்காக 2024இல் 4,000 சிங்கப்பூர் டாலர் கொடுத்தார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்து வந்தது: வேலையை நிறுத்திவிட்டு முழுநேரமாகப் படித்தால் மாதம் 3,000 டாலர் வரை உதவித்தொகை. படிக்கிற நேரத்தில் வீட்டு வாடகை யார் கொடுப்பது என்று யாரோ ஒருவர் அங்கே யோசித்திருக்கிறார். அவ்வளவு பணம் இங்கே கேட்கவில்லை. வாரத்தில் நாலு மணி நேரம், ஷிஃப்டுக்குள்ளேயே, சம்பளத்தோடு, அவ்வளவுதான்.

உங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை ஏதாவது ஒரு கம்பெனியின் பயிற்சித் திட்டத்தைப் பாராட்டி எழுதும் முன் அவர்களிடம் ஒன்றைக் கேட்டுச் சொல்லட்டும்: படிக்கிற அன்றைக்கு டார்கெட் எத்தனை சார்ட்?

ஒரு வாசகி, சென்னை
(பெயரைப் போட வேண்டாம், இன்னும் வேலையில் இருக்கிறேன்.)