ஒரே நிறச் சேலை கேட்கும் அதிபர்களுக்கும் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலைகளில் விழா என்றதும் நிகழ்ச்சி நிரலுக்கு முன்பே ஆசிரியைகளின் சேலை நிறம் முடிவாகிவிடும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

கடந்த பரிசளிப்பு விழாவுக்காக எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவித்தல் வந்தது. கத்தரிப்பூ நிறச் சேலை, விலை 5,800 ரூபாய், 'விருப்பமானவர்கள் மட்டும்'. மூன்றாம் நாள் அதே குழுவில் எல்லோருடைய பெயர்களும் பட்டியலாக வந்தன. பணம் கட்டியவர்களின் பெயருக்கு நேரே சரி அடையாளம் இடப்பட்டிருந்தது. அடையாளமில்லாத நான்கு பெயர்களில் என்னுடையதும் ஒன்று. ஐந்தாம் நாள் அது இரண்டானது. ஆறாம் நாள், மகனின் சப்பாத்துக்கென்று எடுத்து வைத்திருந்த காசைக் கொடுத்து என் விருப்பத்தைத் தெரிவித்தேன். சட்டைத் துணி, தையற்கூலி, உட்பாவாடை எல்லாம் சேர்ந்து 8,000 ரூபாயைத் தாண்டிற்று. விழா மூன்று மணித்தியாலத்தில் முடிந்தது. அந்தச் சேலையை வகுப்புக்கும் உடுத்த முடியவில்லை. கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்தினால் தோளிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்குகிறது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான்: ஆசிரியைகள் தங்களிடம் ஏற்கெனவே உள்ள தகுந்த சேலையுடன் விழாக்களுக்கு வரலாம் என்றும், ஒரே நிறப் புதுச் சேலைக்குப் பணம் சேர்க்கக் கூடாது என்றும் எழுத்தில் அறிவியுங்கள்.

வேலைக்கு உடுத்தும் சேலைகளை நான் சேர்த்த கதை சிறியது. 2020 இல் பட்டதாரிப் பயிலுநராக மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவு பெற்றபோது மருதமுனைக் கைத்தறிச் சேலைகள் இரண்டை மாதத் தவணையில் வாங்கினேன். அக்கா தந்த பழையவை மூன்று. எதனோடும் பொருந்தும்படி கறுப்பில் ஒன்றும் சந்தன நிறத்தில் ஒன்றுமாக இரண்டு சட்டைகள் தைத்தேன். மாற்றி மாற்றி உடுத்தினால் பெரியவர்கள் கவனிப்பதில்லை. என் வகுப்புப் பிள்ளைகள்தான் திங்கட்கிழமை என்றால் பச்சை என்று சொல்லிவிடுவார்கள்.

மாரி தொடங்கினால் இந்தக் கணக்கும் குழம்பிவிடும். நான் குருமண்வெளியிலிருந்து 'பாதை' என்னும் மிதவைப் படகில் ஏறி, மட்டக்களப்பு வாவியைக் கடந்து மண்டூர்த் துறையில் இறங்கி, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போகிறவள். மழைக்கு ஒதுங்கவும் இடமின்றி, மோட்டார் சைக்கிள்களுக்கும் மீன் பெட்டிகளுக்கும் நடுவில் சேலையின் முன்மடிப்பான கொய்யகத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி நின்றாலும், கஞ்சி போட்டு விறைப்பாக உடுத்திய கைத்தறி மறுகரைக்குப் போவதற்குள் நனைந்து காலோடு ஒட்டிக்கொள்ளும்; இறங்கும்போது கரைச்சேறு ஓரத்தில் ஏறிவிடும். மாலையில் அலசிப் போட்டாலும் மார்கழி ஈரத்தில் விடியும்வரை காயாது. இரவு பத்து மணிக்கு அயன்பெட்டியால் அதன் ஈரத்தை உலர்த்திக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு இன்னொரு சேலை உண்மையாகவே தேவைப்படுகிறது. சேறு தெரியாத நிறத்தில், தோளில் நிற்கும் துணியில். அதற்குரிய பணம்தான் கத்தரிப்பூ நிறமாகி அலுமாரியில் தொங்குகிறது.

சேலையை நான் எதிர்க்கவில்லை. 2022 இல், நாடு நெருக்கடியில் இருந்தபோது, அரச அலுவலர்களின் உடை விதிகள் தளர்த்தப்பட்டதும், அதே ஆண்டு நவம்பரில் சில ஆசிரியைகள் வேறு உடையில் வந்தபோது ஆசிரியைகளின் உடையில் மாற்றமில்லை என்று கல்வி அமைச்சு கூறியதும் தாங்கள் அறிந்தவையே. சேலை என்றார்கள், உடுத்துகிறோம். எந்த நிறம், எந்தக் கடை, யாரிடம் பணம் கட்டுவது என்பதெல்லாம் அந்த விதியில் எங்கே இருக்கிறது? ஆண் ஆசிரியர்கள் போன வருடத்து வெள்ளைச் சட்டையிலேயே வந்து எங்கள் வரிசையின் அழகைப் பாராட்டுகிறார்கள். அபாயா அணியும் சகோதரிகளுக்கும் விடுதலையில்லை. அதே நிறத்தில் தலைத்துணி தேடிக் காத்தான்குடிக்கும் கல்முனைக்கும் அலைகிறார்கள். வகுப்பறைத் திரைச்சீலை, சுவர் வர்ணம், பயிற்சித்தாள் பிரதி என்று எங்கள் பணம் ஏற்கெனவே பாடசாலைக்குள்தான் சுற்றுகிறது. இனி எங்களையும் திரைச்சீலையின் நிறத்திலேயே நிறுத்திவிட்டால் ஒரு செலவாவது மிச்சப்படும்.

மன்னிக்கவும், சொல் சற்று மீறிவிட்டது. விழா அழகாக இருக்க வேண்டும் என்ற தங்கள் ஆசையில் எனக்குக் குறை இல்லை. புதுச் சேலைக்குப் பணம் சேர்ப்பதை மட்டும் எழுத்தில் நிறுத்தித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். 'விருப்பமானவர்கள்' என்ற சொல்லும், அதன் பின்னால் வரும் பட்டியலும் அந்த அறிவித்தலில் வேண்டாம்.

ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்துக்குக் கருநீலம் என்று இப்போதே பேச்சு அடிபடுகிறது. என் மருதமுனைச் சேலைகளில் ஒன்று கருநீலம். ஓய்வறையில் காட்டிக் கேட்டேன். இது அந்தக் கருநீலம் இல்லையாம்.

இப்படிக்கு,
படுவான்கரையில் கற்பிக்கும் ஓர் ஆசிரியை