பண்ணை வீட்டுச் சீரமைப்புப் பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

தென் ஆஸ்திரேலியாவில், குவோர்னிலிருந்து ஹாக்கர் போகும் வழியில் இருக்கும் நம் பழைய ஆட்டுப் பண்ணை வீட்டின் சீரமைப்பு வேலை முடிந்துவிட்டது. போய்ப் பார்த்துவிட்டு வந்த சிலர், "செலவு செய்த மாதிரியே தெரியவில்லையே" என்றார்கள். நியாயமான கேள்விதான், அதனால் பதிலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். தணிக்கை செய்த வரவு செலவு தனியாக வந்து சேரும்.

பணத்தில் பெரும்பகுதி மேற்குச் சுவரில் போனது. கட்டியவர்கள் அக்கம்பக்கத்துக் கல்லை மண்சாந்தில் அடுக்கி, வெளி இடுக்குகளைச் சுண்ணாம்புக் காரையால் அடைத்திருந்தார்கள். அந்தக் காரை ஈரத்தைப் பிடித்துவைக்காது. பிற்காலத்தில் யாரோ நல்ல எண்ணத்தில் அந்த இடுக்குகளில் சிமெண்டை அப்பிவிட்டார்கள். தரையிலிருந்து ஏறும் உப்பு ஈரம் சிமெண்ட் வழியாக வெளியேற முடியாமல் கல்லுக்குள் புகுந்தது. ஈரம் காய்ந்ததும் உப்பு அங்கேயே படிகமாகிக் கல்லைப் பொரிய வைத்தது. கல் உள்வாங்கிப் போக, சிமெண்ட் மட்டும் விலா எலும்பு போலத் துருத்திக்கொண்டு நின்றது. இந்த மாநிலத்தில் பழைய கல் வீடு வைத்திருப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த தலைவலி இது.

இயந்திரம் வைத்தால் கல்லின் விளிம்பு உடையும் என்பதால் சிமெண்டைச் சுத்தியலும் உளியும் கொண்டே எடுத்தோம். அப்புறம், நன்றாக ஊறிய சுண்ணாம்பில் கழுவிய மணல் கலந்து இடுக்குகளை அடைத்தோம். வெயிலில் சட்டென்று காய்ந்தால் காரை தூளாகிவிடும். அதனால் கோடையைத் தவிர்த்து, ஈரச் சாக்கு கட்டி மெதுவாகக் காயவிட்டோம். சுவர் உச்சியில் மழைநீர் இறங்காதபடி காரை போர்த்தியிருக்கிறது. புகைபோக்கியின் சாய்வும் தடுத்து நிறுத்தப்பட்டது.

சரி, கூரை ஏன் போடவில்லை? பழைய கூரையைக் காட்டும் படமோ வரைபடமோ ஒன்றுகூட இல்லை. ஊகத்தில் தகரமோ ஓலையோ போட்டால் அது நாம் கட்டிய வீடாகிவிடும். நமக்குத் தெற்கே இருக்கும் பழைய தாமிரச் சுரங்க ஊரான பர்ராவில் 1979-இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட பர்ரா சாசனத்தைத்தான் ஆஸ்திரேலிய மரபுப் பாதுகாப்பு இன்றும் பின்பற்றுகிறது. வேண்டிய மட்டும் செய், முடிந்தவரை குறைவாகச் செய் என்பது அதன் சாரம். ஆதாரமில்லாமல் மீட்டுக் கட்டுவதை அது ஏற்பதில்லை. குழுவில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. கூரை இருந்தால் ஆள் வருவார்கள் என்பது எதிர்த்தவர்களின் வாதம். இருக்கலாம், ஆனால் வருகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள்?

பக்கத்திலிருக்கும் பெரிய பழைய பண்ணையான கான்யாகாவோடு ஒப்பிட்டால் நம்முடையது சின்ன இடம். அதை 1852-இல் தொடங்கிய ஹியூ ப்ரோபி, அதே ஆண்டு வில்லோக்ரா ஓடையில் திடீரென வந்த வெள்ளத்தில் மூழ்கி இறந்துபோனார். அப்படி வெள்ளம் கண்ட சீமையில்தான் 1864 தொடங்கி மழை பொய்த்து ஆடுகள் செத்து விழுந்தன. 1865-இல் நில அளவைத் தலைவர் ஜார்ஜ் கோய்டர் குதிரையில் சுற்றி வந்து, வறட்சி எதுவரை என்று ஒரு கோடு போட்டார். அதற்கு வடக்கே பயிரை நம்பாதே என்று பொருள். கான்யாகாவும் நாமும் அந்தக் கோட்டுக்கு வடக்கே இருக்கிறோம். அதன் பிறகும் நாலு நல்ல மழையைப் பார்த்துவிட்டு, 1870களில் கோதுமைக்காரர்களை வடக்கே விட்டார்கள். அவர்களும் நொடித்துப் போனார்கள். கான்யாகா 1880களின் இறுதியில் கைவிடப்பட்டது. நம் வீட்டையும் கனமான சுவர், ஆழமான நிலவறை என்று தலைமுறை தலைமுறையாக இருக்கப்போகிறவர்கள் மாதிரிக் கட்டியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையும், அது பொய்த்துப்போன பிறகு பெயர்த்தெடுக்கப்பட்ட உத்தரங்களின் குழிகளும் ஒரே சுவரில் தெரிகின்றன. கூரை போட்டால் இரண்டாவது மறைந்துவிடும்.

தகவல் பலகையும் மாற்றப்பட்டது. பழைய பலகை முதல் குடியேறிகளோடு கதையைத் தொடங்கியது. வேலியில்லாத அந்தக் காலத்தில் மந்தைகளுக்கு மேய்ப்பர்தான் வேலி. விக்டோரியாவில் தங்கம் கிடைத்து வெள்ளைக்காரக் கூலிகள் அங்கே ஓடியபோது, இந்த மாநிலத்தின் பல பண்ணைகளில் ஆட்டை மேய்த்தவர்கள் பூர்வகுடிகள். அவர்கள் காலங்காலமாகக் குடித்த நீர்நிலைகளைத்தான் மந்தைகள் பிடித்துக்கொண்டன. ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரின் அட்னியமத்தனா மக்களுக்கு 2009-இல் நீதிமன்றம் நில உரிமையை அங்கீகரித்தது. இவையெல்லாம் இப்போது பலகையில் இருக்கின்றன. இதைச் செய்யாமல் சுவரை மட்டும் நிமிர்த்தியிருந்தால் வேலை அரைகுறைதான்.

குதிரை லாயத்தின் வடக்குச் சுவர் பாக்கி. அதற்கான மதிப்பீடு அடுத்த கூட்டத்தில் வைக்கப்படும். குளிர்கால மழை முடிந்ததும் புதிய காரையில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கத் தொண்டர்கள் வேண்டும். வருகிறவர்கள் சுவர்மேல் ஏறிப் படம் எடுப்பதைத் தயவுசெய்து தடுங்கள்.

இங்ஙனம்,
பராமரிப்புக் குழு